காரின் ஸ்ட்ரட்டில் ஆயில் கசிகிறதா? வீட்டிலேயே மாற்றலாமா, எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும்?

மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாக போடிநாயக்கனூருக்கு இறங்கினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தை இறங்கி முடிக்க வேண்டும். இறங்கியதும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தால், ஸ்பிரிங்குக்குள் நிற்கும் உருளை கறுப்பாக, ஈரமாக மினுங்குகிறது. பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஷாக் போச்சு சார், ஆயில் கக்குது."

அடுத்து வரும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இப்படியே ஓட்டலாமா? எவ்வளவு செலவாகும்? வீட்டில் ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கிறதே, நாமே மாத்திடலாமா?

பாலக்காடு, இடுக்கி எல்லையில் வசிப்பவர்களுக்கு இவை சாதாரணக் கேள்விகள் அல்ல. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், ஆனைக்கட்டி, மறையூர், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என இங்கே பல வழிகளில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் தினமும் கார்கள் போய்வருகின்றன. இவற்றில் பாதிக்கு மேல் மலைப்பாதைகள்.

சுருக்கமாகச் சொன்னால்:

- காரிலிருந்து ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டுவது, சரியான கருவிகளும் பொறுமையும் இருந்தால் வீட்டில் செய்யக்கூடிய வேலை.
- கழற்றிய ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பது வீட்டு வேலை அல்ல. உயிருக்கே ஆபத்து வரக்கூடிய கட்டம் அதுதான்.
- எனவே பாதுகாப்பான நடுவழி: கழற்றுவது வீட்டில், ஸ்பிரிங் மாற்றுவது ஒர்க்‌ஷாப்பில், மாட்டுவது மறுபடியும் வீட்டில்.
- இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஸ்ட்ரட் என்றால் என்ன?

ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். குழியில் இறங்கிய வண்டி, தடுப்பார் யாரும் இல்லாவிட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்பர். அதன் உருளைக்குள் ஆயில் இருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக அந்த ஆயில் நெருக்கியடித்து ஓட வேண்டியிருக்கும். ஆட்டத்தின் சக்தி அங்கே வெப்பமாக மாறிக் கரைகிறது.

ஸ்ட்ரட் என்பது அந்த ஷாக் அப்சர்பரையும், அதைச் சுற்றிய ஸ்பிரிங்கையும் ஒன்றாகச் சேர்த்த தூண். அதற்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மேல்முனை காரின் உடம்போடும், கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும் இணைந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இந்தத் தூண்தான் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. அதாவது ஸ்ட்ரட் சொகுசுக்காக மாட்டிய பாகம் மட்டும் அல்ல. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த அமைப்பை 1940களில் உருவாக்கியவர் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஜெனரல் மோட்டார்ஸில் அவர் வேலை பார்த்த சிறிய கார் திட்டம் கைவிடப்பட்டதும் ஃபோர்டுக்கு மாறினார். 1950ல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் இந்த ஸ்ட்ரட் இடம்பெற்றது. இந்தியாவில் இது வீட்டுக்கு வீடு வந்தது 1983 டிசம்பரில் வெளியான மாருதி 800 மூலம். இடம் குறைவு, பாகங்கள் குறைவு, செலவு குறைவு என்பதால் இன்று நம் சாலைகளில் ஓடும் ஹேட்ச்பேக், செடான், சிறிய எஸ்யூவி ஆகியவற்றில் பெரும்பாலானவை முன்பக்கம் இதே அமைப்பில்தான் நிற்கின்றன.

இடுக்கி எஸ்டேட் ரோடுகளில் ஓடும் பழைய ஜீப்புகள் வேறு ரகம். அவற்றில் இருப்பது பட்டை ஸ்பிரிங். ஷாக் அப்சர்பர் தனியாக நிற்கும். நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டிவிடலாம். "ஜீப்புக்கு நானே மாத்தினேன், காருக்கு என்ன?" என்ற தைரியம் இங்கிருந்துதான் வருகிறது. கார் ஸ்ட்ரட்டில் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் கூடவே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

கசிவது ஸ்ட்ரட் ஆயில்தானா?

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மூன்று விதமான திரவங்கள் கசியலாம். முதலில் எது என்று உறுதிசெய்ய வேண்டும்.

ஸ்ட்ரட் ஆயில்: மெல்லியதாக இருக்கும். உருளையின் மேல்பகுதியில் தொடங்கி கீழ்நோக்கி வழியும். புழுதி ஒட்டிக் கறுத்த படலமாக மாறும்.

கிரீஸ்: கெட்டியாக, கறுப்பாக இருக்கும். சக்கரத்தின் உட்பக்கம் வட்டமாகச் சிதறியிருந்தால், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அது வேறு வேலை.

பிரேக் ஆயில்: தண்ணீர் மாதிரி மெல்லியது, வழுக்கும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

ஸ்ட்ரட் ஆயில்தான் என்று உறுதியானாலும் உடனே மாற்ற வேண்டும் என்றில்லை. பிஸ்டன் தண்டில் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. சீலுக்கு அந்த ஈரம் தேவை. சந்தேகம் வந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள். லேசான ஈரப் புழுதி மட்டும் என்றால் கண்காணிக்கலாம். உருளை நீளத்துக்கும் வழிந்து சொட்டினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முன்பக்கத்தை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். பாதி செத்த ஸ்ட்ரட்கூட அந்தச் சோதனையில் தேறிவிடும். இவை நல்ல அறிகுறிகள்:

- பிரேக் போட்டால் மூக்கு அளவுக்கு மீறிக் கீழே குத்துவது
- வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிரத் தாமதிப்பது
- சின்னக் குழிக்கே "டக் டக்" சத்தம்
- டயரைக் கையால் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படுவது

கடைசி அறிகுறிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அடக்குவார் இல்லாத சக்கரம் விநாடிக்கு 10 முதல் 15 முறை துள்ளும். மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 11 மீட்டர். அதாவது ஏறக்குறைய ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு துள்ளல். துள்ளி விழும் இடத்தில் ரப்பர் அதிகம் தேயும். துள்ளி எழும் கணத்தில் டயருக்கும் ரோட்டுக்கும் பிடிப்பு குறையும். அந்தக் கணத்தில் பிரேக் போட்டாலும், ஸ்டீயரிங் திருப்பினாலும் பலன் குறைவுதான். நேர்ச்சாலையில் இது உறுத்தாமல் போகலாம். மழையில், இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில் இது பெரிய விஷயம்.

இந்த ஊர்களில் ஏன் சீக்கிரம் போகிறது?

ஸ்ட்ரட்டின் உயிர் அதன் சீலில் இருக்கிறது. பளபளப்பான பிஸ்டன் தண்டு அந்த ரப்பர் சீல் வழியாக ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே போய் வெளியே வருகிறது. தண்டை மூடியிருக்கும் ரப்பர் டஸ்ட் கவர் கிழிந்தால், புழுதியும் சேறும் தண்டில் ஒட்டிக்கொண்டு சீலை அரம் மாதிரி அராவும். ஈரம் தேங்கினால் தண்டில் துருப்புள்ளிகள் வரும். அவையும் அதே வேலையைச் செய்யும்.

பாலக்காட்டுச் சமவெளியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். இடுக்கியில் ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் மழையும் சேறும். இரண்டு இடத்துக்கும் பொதுவானவை கேரளப் பக்கம் "கட்டர்" என்று சொல்லப்படும் சாலைக் குழிகளும், திடீரென்று வரும் வேகத்தடைகளும். குழியில் வேகமாக விழும்போது ஸ்ட்ரட் முழுவதும் மடங்கி அடிமட்டத்தில் இடிக்கும். ஏற்கெனவே தளர்ந்த சீல் அப்போது கைவிட்டுவிடும்.

பெரிய சாலைகள் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலை 85ல் மூணாறு–போடிமெட்டு இடையே சுமார் 42 கி.மீ. அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. வாளையாறு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544 நான்கு வழி. ஆனால் வீடும் எஸ்டேட்டும் இருப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இல்லை. அதிலிருந்து பிரியும் குறுகிய ரோட்டில். நெடுஞ்சாலை வேகத்தோடு அந்த ரோட்டுக்குள் திரும்பும்போதுதான் அடி விழுகிறது.

குழிகளின் விலை தேசிய அளவில் எவ்வளவு? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, சாலைக் குழிகளோடு தொடர்புடைய விபத்துகளில் 2021ல் 1,481 பேரும், 2022ல் 1,856 பேரும் இறந்தார்கள். இதில் எல்லா வாகனங்களும் அடக்கம். குழியை நிரப்புவது அரசின் வேலை. குழியில் விழுந்த வண்டி கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் கையில்.

கசிவோடு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு எதுவும் கிடையாது. ஸ்ட்ரட் கசிவதால் மட்டும் வண்டி அந்த நிமிடமே நின்றுவிடாது. சமவெளியில், குறைந்த வேகத்தில், அதிக ஆட்களும் சுமையும் இல்லாமல் ஒர்க்‌ஷாப் வரை போகலாம். முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நெல்லியாம்பதிக்கோ மூணாறுக்கோ மலையேறும் திட்டம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, நக்கிள் போல்ட் தளர்ந்திருந்தாலோ, ஸ்டீயரிங் திருப்பும்போது மேலே பலத்த சத்தத்தோடு சிக்கினாலோ ஓட்ட வேண்டாம். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் தொடங்கும் முன்: என்னென்ன வேண்டும்?

முதலில் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி காலத்தில் ஸ்ட்ரட் தானாகக் கசிந்தால் இலவசமாகவே மாற்றிக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. நீங்கள் கைவைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடலாம்.

பாகங்கள்: முன்பக்கத்துக்கு இரண்டு ஸ்ட்ரட், இரண்டு டஸ்ட் கவர், இரண்டு பம்ப் ஸ்டாப்பர். மேல் மவுன்ட்டும் அதன் பேரிங்கும் பழையதாக இருந்தால் அவற்றையும் சேர்த்து வாங்குங்கள். பிறகு இதே வேலையை இன்னொரு முறை செய்யாமல் தப்பிக்கலாம். நக்கிள் போல்ட், நட் புதிதாகக் கிடைத்தால் நல்லது.

ஒன்று மட்டும் கசிகிறது, ஏன் இரண்டு? புதியது ஒரு பக்கம் இறுக்கமாகவும், பழையது மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், அவசரமாக பிரேக் போடும்போது வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

வாங்கும்போது மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலிலேயே ஆண்டுக்கும், பெட்ரோல்–டீசலுக்கும் ஸ்ட்ரட் மாறும். ஆர்சியில் இருக்கும் சேசிஸ் எண்ணைக் காட்டிப் பாக எண்ணை உறுதிசெய்யுங்கள். இடது, வலது தனித்தனி என்பதையும் மறக்காதீர்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குப் பொள்ளாச்சியும் கோவையும், மறையூருக்கு உடுமலையும், குமுளிக்குக் கம்பமும் போய்வரும் தூரம்தான். எந்த மாநிலத்தில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18% ஜிஎஸ்டி. பில் இல்லையென்றால் பாகத்துக்கான வாரண்டியும் இல்லை. பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் ஸ்ட்ரட், சர்வீஸ் செய்து ஆயில் நிரப்பிய ஸ்ட்ரட் ஆகியவை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கருவிகள்: டிராலி ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டைகள், சாக்கெட் செட், நீளப்பிடி, துரு இளக்கும் ஸ்பிரே, கம்பி பிரஷ், பெயின்ட் மார்க்கர், கொஞ்சம் கட்டுக்கம்பி, டார்க் ரெஞ்ச். கூடவே உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல். எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். வேறொரு காரின் வீடியோவைப் பார்த்து இறுக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒன்று புரியும். வீட்டில் செய்தால் மிச்சமாவது கூலி மட்டுமே. கருவிகள் எதுவும் இல்லாதவருக்கு, அவற்றை வாங்கும் செலவு கூலியைவிட அதிகமாகிவிடும். ஏற்கெனவே கருவி வைத்திருப்பவருக்கும், ஒர்க்‌ஷாப் தூரமாக இருப்பவருக்கும்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

படிப்படியாக: கழற்றுவது எப்படி?

1. சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக், முதல் கியர், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. மலைவீட்டு முற்றம் சரிவாக இருந்தால் அங்கே செய்யவே வேண்டாம். மழையில் ஊறிய செம்மண் தரையில் ஜாக்கி ஸ்டாண்ட் மெல்ல இறங்கும். கனமான பலகை போட்டாலும் நம்ப முடியாது. சிமென்ட் தரைக்குப் போங்கள்.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்களைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு ஜாக்கியால் தூக்கி, மேனுவல் சொல்லும் இடத்தில் ஸ்டாண்டை வையுங்கள். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டிக்கடியில் கையையோ தலையையோ விடக்கூடாது. கழற்றிய சக்கரத்தைக் காருக்கடியில் படுக்கவைத்தால் அது இரண்டாவது காவல்.

3. ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர், லிங்க் ராடு ஆகியவற்றை விடுவியுங்கள். எதையும் இழுக்காதீர்கள்.

4. நக்கிளையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் இரண்டு போல்ட்களைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது சக்கரக் கோணம் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வர இது உதவும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்துச் சிறிது நேரம் விடுங்கள். கேரள மழைக்கு இந்த போல்ட்கள் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும்.

5. லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியால் லேசாகத் தாங்கல் கொடுத்து, இரண்டு போல்ட்களையும் எடுங்கள். நக்கிள் வெளிப்பக்கம் சாய்ந்து விழாமல் கட்டுக்கம்பியால் கட்டிவையுங்கள். விழுந்தால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் கழன்றுகொள்ளும்.

6. பானெட்டைத் திறங்கள். ஸ்ட்ரட்டின் மேல்முனையில் வட்டமாக இரண்டு அல்லது மூன்று சிறிய நட்களும், நடுவில் ஒரு பெரிய நட்டும் இருக்கும். சில கார்களில் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால்தான் இவை தெரியும். ஓரத்து நட்களை மட்டும் கழற்றுங்கள். நடு நட்டைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட்தான்.

7. கடைசி நட்டைக் கழற்றும்போது இன்னொருவர் கீழே ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாளாக இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நடு நட்: ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

ஒரு சின்னக் கணக்கு. 900 கிலோ எடையுள்ள ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். எடையில் சுமார் 60% முன்பக்கம் என்றால், ஒவ்வொரு முன்சக்கரமும் ஏறக்குறைய 270 கிலோவைத் தாங்குகிறது. அந்த எடையைத் தாங்கும் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் மடங்க 20 நியூட்டன் விசை தேவை என்று வைத்துக்கொண்டால், 150 மில்லிமீட்டர் அழுத்தப்பட்ட நிலையில் அது 3,000 நியூட்டன் விசையோடு தள்ளும். உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல் 225 ஜூல். 25 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூட்டை விழும் திசையாவது தெரியும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காரிலிருந்து கழற்றிய பிறகும் ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்துவிடாது. மேல் மவுன்ட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே அழுத்தமாகவே நிற்கும். அதை இன்னும் கொஞ்சம் அழுத்தினால்தான் நடு நட்டைக் கழற்ற முடியும். அதற்கு ஸ்பிரிங் கம்ப்ரெசர் வேண்டும்.

கொக்கி போட்டு இரண்டு திருகால் இறுக்கும் கம்ப்ரெசர் கடைகளில் கிடைக்கிறது. சிலர் வாடகைக்கும் தருவார்கள். பிரச்சினை என்னவென்றால், இரண்டு திருகையும் சமமாக இறுக்காவிட்டால் ஸ்பிரிங் வில் மாதிரி வளையும், கொக்கி வழுக்கும். கயிறு, சங்கிலி, கட்டுக்கம்பி போட்டுக் கட்டி நட்டைக் கழற்றும் "ஐடியா"க்களும் ஊருக்குள் உலவுகின்றன. அவற்றைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் நிலையாகப் பொருத்திய கம்ப்ரெசரில் பழகிய ஆள் செய்தால் இது சில நிமிட வேலை. கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புதிய பாகங்களையும் ஆட்டோவில் போட்டு எடுத்துப் போனால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும். மாற்றும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைக் கேளுங்கள்:

- ஸ்பிரிங்கின் முனை கீழ்த் தட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா?
- டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப்பர் புதியவை போட்டாயிற்றா?
- பிஸ்டன் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்தார்களா? பிடித்தால் கீறல் விழும். அந்தக் கீறல் புதிய சீலைச் சீக்கிரமே அரித்துவிடும்.

ஸ்பிரிங், மவுன்ட் எல்லாம் பொருத்தியே வரும் முழு அசெம்பிளி உங்கள் காருக்குக் கிடைத்தால் இந்தக் கட்டமே இல்லை. நேராக மாட்டிவிடலாம். விலை கூடுதல்தான்.

திரும்ப மாட்டும்போது

வந்த வழியே திரும்பிப் போவதுதான். முதலில் மேல் நட்களைக் கையால் பிடிக்கவைத்து, பிறகு நக்கிள் போல்ட்களை மார்க்கர் கோட்டுக்கு நேராக வைத்து மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். அடுத்து மேல் நட்கள். பிரேக் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பழைய கிளிப்பில் உட்கார வேண்டும். ஏபிஎஸ் வயர், லிங்க் ராடு இரண்டும் பழைய இடத்துக்கு வர வேண்டும். சக்கர நட்களை நட்சத்திர வடிவ வரிசையில், வண்டியைத் தரையில் இறக்கியபின் முழுதாக இறுக்குங்கள்.

நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலை இரண்டு மூன்று முறை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி ஹோஸ் எங்கேயாவது உரசுகிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டம் வீட்டுப் பக்கத்துச் சமதளத்தில், மெதுவாக. மலைப்பாதையில் சோதிக்க வேண்டாம்.

அதே நாளிலோ மறுநாளோ வீல் அலைன்மென்ட். கோடு போட்டு மாட்டினாலும் ஒரு மில்லிமீட்டர் விலகல்கூடக் கோணத்தை மாற்றும். புதிய டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு பக்கம் தேய்ந்துவிடும். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் எல்லா நட்களையும் ஒரு முறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.

கழற்றிய பழைய ஸ்ட்ரட்டில் ஆயிலோடு அழுத்தப்பட்ட வாயுவும் இருக்கலாம். துளைபோடவோ, வெட்டவோ, தீயில் போடவோ கூடாது. பழைய இரும்புக் கடையில் போடும்போது "உள்ளே கேஸ் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சிந்திய ஆயிலை மரத்தூளில் உறிஞ்சவைத்து அள்ளுங்கள். கிணற்றுப் பக்கமோ ஓடைப் பக்கமோ கழுவிவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அதே ரகத் தயாரிப்பை அதே இடத்தில் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் "ஸ்ட்ரட் மாத்தும்போதே ஒரு இன்ச் உயர்த்திடலாமா?" என்ற கேள்வி மலைப்பகுதிகளில் அடிக்கடி எழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. ஸ்பேசர் வைத்து உயர்த்துவது, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இரண்டுமே வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் அது கேள்வியாக வந்து நிற்கும்.

அப்படியானால் நான் செய்யலாமா?

கீழே உள்ள ஐந்துக்கும் "ஆமாம்" என்றால் தொடங்கலாம்.

- சமதளமான சிமென்ட் தரை இருக்கிறதா?
- இரண்டு ஜாக்கி ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் கையில் இருக்கின்றனவா?
- உங்கள் காருக்கான மேனுவல் இருக்கிறதா?
- கூட ஒரு ஆள் இருக்கிறாரா?
- நடு நட்டைத் தொடாமல் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போகும் பொறுமை இருக்கிறதா?

ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள். அப்போதும் இதுவரை படித்தது வீண்போகாது. இரண்டு பக்கமும் மாற்றினாரா, டஸ்ட் கவர் புதியதா, அலைன்மென்ட் பார்த்தாயிற்றா என்று பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை 17 வளைவுகளிலும் இறங்கும்போது, கேட்டு வாங்கிய அந்த மூன்று பதில்கள்தான் உங்கள் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும்.